ராணியின் லத்தி

மே 10, 2025
இன்றைக்கும் எங்கள் குதிரை ராணி வாலைத் தூணில் தேய்த்துக்கொண்டு நின்றாள். வாலடியில் மயிர் எல்லாம் உடைந்து பழைய தும்புத்தடி மாதிரி இருக்கிறது. "போன மாசம்தானே மிஸ் பூச்சி மருந்து குடுத்தம்" என்றார் லாயத்து அண்ணா. கொடுத்தது நான்தான். ஃபென்பெண்டசோல் என்கிற புழு மருந்து, எடையைக் கண்ணால் பார்த்து 220 கிலோ என்று போட்டு.

இன்று டேப்பால் அளந்தேன். நெஞ்சுச் சுற்றளவு 160 சென்டிமீட்டர், தோள் முனையிலிருந்து பிட்டம் வரை 140. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை 300 கிலோவுக்கு மேல் வருகிறது. குறைந்த அளவில் கொடுத்தால் பலவீனமான புழு சாகும், தாக்குப்பிடிக்கிறது மிஞ்சிப் பெருகும். வெட்கமாக இருந்தது, அண்ணாவிடம் சொல்லவில்லை.

மே 12
வெசாக் பண்டிகை. வெள்ளவத்தையில் ஓட்டோ பிடிக்கவே அரை மணி நேரம், வழியெல்லாம் வெளிச்சக்கூடு கட்டுகிறார்கள். மிருக டொக்டர் சொன்னபடி வாலடியில் செலோடேப்பை ஒட்டி எடுத்து வைத்தேன். வாலரிப்புத் தருகிற ஊசிப்புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறதாம், அதனால் லத்தியில், அதாவது சாணத்தில், தேடினால் பெரும்பாலும் அகப்படாது. லத்தி வேறு புழுக்களுக்காக. ராணியுடையது, மற்றக் குதிரை சோமுவுடையது, இரண்டும் சூடு ஆறுமுன் பையில் கட்டி ஐஸ் பெட்டிக்குள். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்ததற்கு அம்மா இன்னும் பேசவில்லை.

மே 15
டொக்டர் என் கண்முன்னால் செய்தார். நான்கு கிராம் லத்தியை 56 மில்லிலீட்டர் உப்புத் தண்ணீரில் கரைத்தார், இதற்கு மேல் உப்புக் கரையாது என்கிற அளவுக்குக் கெட்டியான தண்ணீர். வடித்து, கோடு போட்ட கண்ணாடியில் விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்தால் முட்டைகள் மிதந்து மேலே வந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்: மெல்லிய ஓடு, நீள்வட்டம், உள்ளே திராட்சைக் குலை மாதிரி அணுக்கள். அழகாகத்தான் இருந்தது, அது எங்கே இருந்து வந்தது என்று ஞாபகம் வரும்வரை. ராணிக்கு 13 முட்டை, ஒன்றுக்கு 50 என்று பெருக்கி கிராமுக்கு 650. சோமுவுக்கு ஒன்றுகூட இல்லை! அதே புல், அதே தொட்டி. எல்லா இடத்திலும் இப்படித்தானாம், சில குதிரைகள்தான் முட்டையில் பெரும்பங்கைக் கொட்டுகின்றன. அப்போ சோமுவுக்கும் நாள்காட்டி பார்த்து ஊட்டினது எதற்கு?

வாலடியில் ஒட்டி எடுத்த செலோடேப்பிலும் ஊசிப்புழு முட்டை இருந்தது. பக்கத்து வளவில் மாடு இருக்கா என்று கேட்டார். இருக்கு. மாட்டு வயிற்றுக்குள் சும்மா கிடக்கிற ஒரு நூல்புழு நுளம்பு வழியாகக் குதிரைக்குப் போனால், திசை மாறி முதுகுத்தண்டிலும் மூளையிலும் ஏறிப் பின்னங்கால்களை விழுத்திவிடும். கும்ரி என்பார்கள். லத்தியில் அது தெரியாது. இந்த ஊரில் நுளம்பு இல்லாத மாலை எங்கே?

மே 17
ஐவர்மெக்டின் என்கிற வேறொரு புழு மருந்துக் களிம்பு, இந்தத் தடவை 300 கிலோவுக்கு. ராணி பாதியைத் துப்பப் பார்த்தாள், தாடையைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டே நின்றோம். வாலடியையும் கழுவினோம். துணியை அண்ணா எரித்துவிட்டார்.

மே 24
மழை. ஈரமும் சூடும் இருந்தால் முட்டை பொரித்து, ஒரு வாரத்தில் குஞ்சுப்புழு புல்லின் நுனிக்கு ஏறிவிடும், கொழும்பில் வேறென்ன இருக்கு! வாரத்துக்கு இரண்டு தடவை லத்தி அள்ளுவதென்று முடிவு. முதல் நாளே ஒன்பது வாளி. அண்ணாவிடம் 220 கதையையும் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

மே 31
மருந்து கொடுத்து 14 நாள், ராணியின் லத்தியை மறுபடி பார்த்தோம். கண்ணாடியில் உப்புக் குமிழிகள் மட்டும், முட்டை ஒன்றும் இல்லை. ஐவர்மெக்டின் இங்கே இன்னும் வேலை செய்கிறது, ஃபென்பெண்டசோல் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, போன தடவை அது பலிக்காதது மருந்தாலா என் 220ஆலா என்று பிரிக்க வழியில்லை என்றார் டொக்டர். வாலடியில் புதுமயிர் முள்ளு முள்ளாக முளைக்கிறது.