பேராயர் ஹீபரின் கடைசிக் காலை வழியே

திருச்சியில், கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ரெஜினால்ட் ஹீபரின் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே கன்டோன்மென்ட் போய்விடுவார்கள். நான் கோட்டைப் பகுதியிலிருந்து தொடங்கினேன். 1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை விடியலில் அவரும் முதலில் அங்கேதான் போனார்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்து ஆலயம். ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1766-இல் கட்டியது. அன்று காலை இங்கே தமிழ்ச் சபையார் சிலருக்கு ஹீபர் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் தலைமேல் கைவைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுத்தார். ஆராதனை முடிவில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். பெஞ்சில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஹாட்நெட் என்ற கிராமத்தில் குருவாக இருந்தவர். 1823 அக்டோபரில்தான் கல்கத்தா வந்து இறங்கினார். பேராயராக அவர் பொறுப்பிலிருந்த திருமண்டலமோ இந்தியா முழுவதும், இலங்கை, அதற்கும் அப்பால் ஆஸ்திரேலியா வரை! கங்கையில் படகேறி மாதக்கணக்கில் வட இந்தியாவைச் சுற்றினார். ஸ்வார்ட்ஸ் ஐயரின் சீடரும் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவருமான தமிழர் கிறிஸ்தியான் தாவீதுக்கு 1824-இல் குருப்பட்டம் கொடுத்தவரும் இவரே. இத்தனை அலைச்சலுக்கு நடுவே, ஒரு சிறு சபையை அதன் தாய்மொழியில் ஆசீர்வதிக்க வேண்டும் என்று தோன்றியதே, அந்த மனது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதற்கு முந்தைய வாரம் தஞ்சாவூரில் ஈஸ்டர் ஆராதனை நடத்தி, சரபோஜி மன்னரையும் சந்தித்துவிட்டு வந்திருந்தார். கோட்டை ஆராதனை முடிந்து, தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பினார். வெயிலில் வந்த களைப்பு. வளாகத்திலிருந்த குளியல் குளத்தில் இறங்கியவர் உயிரோடு கரையேறவில்லை. வயது 42. மனைவி அமேலியாவும் இரண்டு பெண் குழந்தைகளும் கல்கத்தாவில் இருந்தார்கள். அவருடைய பயணக் குறிப்புகளை 1828-இல் அந்த அம்மாதான் நூலாக வெளியிட்டார்.

அவரை மறுநாள் அடக்கம் செய்த, கன்டோன்மென்டிலுள்ள புனித யோவான் ஆலயத்துக்கு வந்தேன். சுற்றிலும் பலகை அடுக்குக் கதவுகள். எல்லாவற்றையும் திறந்தால் ஆலயமே காற்றாடும் மண்டபமாகிவிடும். பீடத்தின் வடபக்கம் அவர் துயில்கிறார். இறப்பதற்கு முந்தின நாள், ஞாயிறன்று, இதே ஆலயத்தில் பிரசங்கம் செய்து திடப்படுத்தலும் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் முழங்கால்படியிட்ட இடம் இதுதானே என்று நானும் முழங்கால்படியிட்டேன். 'தூய தூய தூயா' என்று திரித்துவ ஞாயிறுதோறும் நாம் பாடுகிற பாமாலைப் பாட்டின் ஆங்கில மூலப் பாடலை எழுதியவர் இவர்தான். அதை மெதுவாகப் பாடினேன். இரண்டாம் அடியில் குரல் உடைந்துவிட்டது.

திருச்சி வருகிறவர்கள் முடிந்தால் இதே வரிசையில் போய்ப் பாருங்கள்: முதலில் கோட்டை, பிறகு கன்டோன்மென்ட். கோட்டை ஆலயத்தில் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து, இந்த ஆண்டு திடப்படுத்தல் எடுக்கும் உங்கள் சபைப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபியுங்கள்.