பெயரில்லாத சட்டை

2010-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மேற்படிப்புக்காக ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வந்திறங்கிய நான், குளிருக்கு மேலங்கி வாங்குவதற்கு முன்பே ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் சிவப்புச் சட்டை ஒன்றை வாங்கினேன். அதன் முதுகில் 2 என்ற எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அது அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டெரெல் பிரையரின் எண் என்பது ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மாணவ வீரன் தன் பெயரால் ஒரு காசும் ஈட்டக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அந்நாளைய விதி. ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணை விற்றார்கள். ஆட்ட நாளில் ஸ்டேடியத்தை ஒட்டிய வீட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையில் கார் நிறுத்த இடம் கொடுத்துக்கூடக் காசு பார்த்தார்கள். உள்ளே ஆடியவனுக்கு மட்டும் கல்வி உதவித்தொகையோடு கணக்கு முடிந்தது.

அந்த டிசம்பரில் பிரையர் உட்பட ஐந்து வீரர்கள் பிடிபட்டார்கள். பரம எதிரியான மிச்சிகன் அணியை வென்றால் ஒஹாயோ ஸ்டேட் வீரர்களுக்குக் கால்சட்டை வடிவத்தில் விரல்நுனியில் அடங்கும் தங்கப் பதக்கம் ஒன்றைத் தருவது ஊர் வழக்கம். அதையும், சாம்பியன் மோதிரத்தையும், இன்னும் சிலவற்றையும் விற்றார்கள், பச்சை குத்தும் கடையில் சலுகை பெற்றார்கள் என்பதே குற்றம். பிரையர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று சொல்லப்பட்ட தொகை 2,500 டாலர். தண்டனை ஐந்து ஆட்டத் தடை. ஆனால் அது அடுத்த பருவத்திலிருந்துதான் தொடங்கும் என்றார்கள். ஏனென்றால் ஜனவரியில் ஷுகர் பவுல் என்ற பருவ இறுதிப் பெரிய ஆட்டம் இருந்தது, அதன் முகப்பில் ஆல்ஸ்டேட் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தது, தொலைக்காட்சியில் நாடே பார்க்கக் காத்திருந்தது. ஐவரும் ஆடினார்கள். விஷயம் தெரிந்தும் மறைத்த பயிற்சியாளர் ஜிம் டிரெசல் 2011 மே மாதம் பதவி விலகினார். (அவர் இப்போது ஒஹாயோவின் துணை ஆளுநர். இந்த ஊர் மன்னிக்கத் தெரிந்த ஊர்.)

2021 ஜூன் 21 அன்று கல்லூரி வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான் என்றாலும், நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பில், தொழிலாளிக்குச் சந்தைக் கூலி தருவதில்லை என்று முதலாளிகள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு அமெரிக்காவில் வேறெந்தத் தொழிலும் தப்ப முடியாது என்ற பொருள்பட எழுதினார். பத்தே நாளில், ஜூலை 1 முதல், பெயர், உருவம், சாயல் ஆகியவற்றைக் கொண்டு வீரர்கள் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. இதன் ஆங்கிலச் சுருக்கமான என்.ஐ.எல். என்பதைச் சேர்த்துப் படித்தால் தமிழில் ‘நில்’ என்று வருகிறது. அணை உடைந்து பாயும் பணத்துக்கு வேடிக்கையான பெயர்.

தொடக்கத்தில் வந்தவை உண்மையான விளம்பரங்கள். நெப்ராஸ்கா அணியில் ‘மிகக் குளிர்ந்தவன்’ என்று பொருள் ஒலிக்கும்படி டிகோல்டஸ்ட் க்ராஃபோர்ட் என்றொரு இளைஞர் சேர்ந்தார்; 2022-இல் ஓமாஹாவின் ஏ.சி. நிறுவனம் ஒன்று, அவர் களத்தில் இறங்கும் முன்பே அவரைத் தன் விளம்பரத்தில் நிறுத்தியது. அலபாமா வீரர் கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரியோடு கூல்-எய்ட் பானமே ஒப்பந்தம் செய்தது. எங்கள் ஊருக்கோ டெக்சாஸிலிருந்து குவின் யூவர்ஸ் வந்தார். பள்ளி மாணவர் விளம்பரத்தில் சம்பாதிக்க அங்கே தடை என்பதால், கடைசி ஆண்டுப் பள்ளிப் படிப்பைத் துறந்து 2021 ஆகஸ்டில் கொலம்பஸ் சேர்ந்து, பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அந்தப் பருவம் முழுவதிலும் இரண்டே நகர்வுகளுக்குக் களத்தில் நின்றுவிட்டு, டிசம்பரில் டெக்சாஸுக்கே திரும்பிவிட்டார்.

ஆனால் பெரும்பணம் விளம்பரத்தில் இல்லை. ‘கலெக்டிவ்’ என்ற பெயரில் பணக்கார ரசிகர்களும் தொழிலதிபர்களும் சேர்ந்து நிதி திரட்டி, ஒரு தொண்டு நிகழ்ச்சியில் தலைகாட்டுவதற்கோ கொஞ்சம் கையெழுத்துப் போடுவதற்கோ வீரனுக்குப் பெருந்தொகை கொடுத்தார்கள். 2022 ஜூனில் எங்கள் அணியின் பயிற்சியாளர் ரையன் டே, அணியைக் கலையாமல் வைத்திருக்க 1.3 கோடி டாலர் தேவைப்படும் என்று உள்ளூர் வணிகர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். 2024 பருவத்துக்கு வீரர்களுக்குச் சென்ற தொகை சுமார் 2 கோடி டாலர் என்று பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநரே பின்னர் கூறினார். அந்த அணிதான் 2025 ஜனவரியில் நோட்ரடாம் அணியை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. 2,500 டாலருக்காகப் பிரையரின் தலை உருண்ட அதே ஊரில்!

இது கூலிதான், விளம்பரம் அன்று என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். இருந்தும் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாடு, பாதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மீதியைப் பழைய நாடகத்திலேயே விட்டிருக்கிறது. பழைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாக வீரர்களுக்குப் பகிரலாம் என்பவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் வெளியாரிடமிருந்து பெறும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் டெலாய்ட் நிறுவனம் அமைத்துத் தந்த இணையதளத்தில் பதிய வேண்டும். கொடுப்பவர் பல்கலைக்கழகத்துக்கு வேண்டப்பட்டவராக இருந்தால், அதில் மெய்யான வணிக நோக்கம் உண்டா, இந்த முகத்துக்கு இவ்வளவு பெறுமா என்று எடைபோட்டுத்தான் விடுவார்கள். ஆண்டுக்குச் சராசரி 1.25 கோடி டாலர் என்று பயிற்சியாளர் டேயின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டபோதோ, 2016-இல் நைக்கி 15 ஆண்டுகளுக்கு 25.2 கோடி டாலருக்குப் பல்கலைக்கழகத்தோடு கையெழுத்திட்டபோதோ, கார் கண்ணாடி மாற்றும் சேஃப்லைட் நிறுவனத்தின் பெயர் ஸ்டேடியத்தின் களத்துக்குச் சூட்டப்பட்டபோதோ யாரும் தராசைத் தூக்கவில்லை. உழைப்பவனைத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் இந்தத் தராசுக்கு வேலை இருக்காது. ஆனால் அப்படி ஒப்புக்கொண்டால் சங்கம் வரும், விபத்து இழப்பீடு வரும், பேரம் பேசும் உரிமை வரும். அதைத் தவிர்க்கத்தான் இத்தனை சுற்றுவழியும்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் மட்டும், அதுவும் வளாகத்துக்குள் மட்டும் வேலை பார்த்துப் படித்தவன் என்பதால், இந்தக் கூட்டத்தில் என் கண் பந்தை உதைக்கும் பன்டர்கள் பக்கமே போகிறது. அவர்களில் நிறையப் பேர் ஆஸ்திரேலியர்கள், அதே விசாவில் வந்தவர்கள். பக்கத்து லாக்கர்க்காரன் உணவக விளம்பரத்துக்குப் போகும்போது இவர்கள் போக முடியாது. அது அனுமதியில்லாத வேலை, விசா போய்விடும். உழைக்காமல் வரும் வருவாய்க்குத் தடையில்லை என்று சில வழக்கறிஞர்கள் சொல்வதை நம்பி, சட்டை விற்பனையில் பங்கு மட்டும் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. இப்போது சட்டையின் முதுகில் பெயரும் போடுகிறார்கள். ஆனால் அதே சட்டையில் கையெழுத்திட்டுத் தரக் கடைக்குப் போய் உட்காருவதென்றால், விடுமுறையில் தாய்நாடு திரும்பி அங்கேதான் உட்கார வேண்டும்.