கழுத்தில் இருந்தது அழுக்கு அல்ல

மகனின் பின்கழுத்தில் கருமை படர்ந்தபோது அழுக்கு என்றே நினைத்தேன். ஒரு வாரம் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டினேன். தோல் சிவந்ததுதான் மிச்சம். ஒன்பது வயதுப் பையன். ஆட்டிசத்தோடு வந்த ஆவேசத்துக்காக ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. தலையைச் சுவரில் மோதுவது நின்றுவிட்டது, அந்த வகையில் மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பசி அடங்கவேயில்லை. எடை எட்டுக் கிலோ ஏறிவிட்டது.

மனநல மருத்துவர், "குழந்தை மருத்துவரைப் பாருங்கள்" என்றார். அவரோ, "மருந்து எழுதியவர்தானே பரிசோதனையும் எழுத வேண்டும்?" என்றார். சீட்டு இல்லாமல் ரத்தம் எடுக்க மாட்டோம் என்றது பரிசோதனைக்கூடம். இரண்டு வாரம் அலைந்து சீட்டு வாங்கிப் போனால், வரிசையில் என் பையைத் துழாவி பிஸ்கட்டை எடுத்து மென்றுவிட்டான். வெறும் வயிறு போயிற்று. மறுமுறை பையில் தண்ணீர் மட்டும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.0. நீரிழிவு என்று சொல்ல 126 வேண்டும்; இது அதற்கு முந்தைய படி. கழுத்துக் கருமையும் அழுக்கல்ல, உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். "மருந்துக்கு முன் எவ்வளவு இருந்தது?" என்று குழந்தை மருத்துவர் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. யாரும் பார்க்கவேயில்லை! இந்த வகை மருந்துகளுக்குச் சர்க்கரை எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது 2003இல். தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும், 12ஆம் வாரம் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும் என்று வல்லுநர்கள் சொன்னது 2004இல். எங்கள் கோப்பில் பையனின் உயரம்கூட இல்லை.

அன்றிரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கொடுத்துவிட்டேன், நல்லவேளை. திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், பழைய ஆவேசமும் திரும்பலாம். நிறுத்துவதை மருத்துவரிடமே விடுங்கள்.

பிறகு அலமாரியைக் குடைந்ததில் ஒரு பழைய தாள் கிடைத்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்கியபோது எடுத்த ரத்தப் பரிசோதனை, மாத்திரை தொடங்க இரண்டு மாதம் முன்பு: வெறும் வயிற்றில் 84. அதை மேசையில் வைத்ததும் மனநல மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. குழந்தை மருத்துவருக்கு அவரே போன் செய்தார். எடை குறைவாக ஏற்றும் அரிபிப்ரசோலுக்குப் படிப்படியாக மாற்றுகிறார்கள். எந்தத் தாளையும் கிழித்துப் போடாதீர்கள்.

கருமை இன்னும் இருக்கிறது. நாரைத்தான் தூக்கி எறிந்துவிட்டேன்.