அம்பு நகரவில்லை

புது லேப்டாப்பில் விண்டோஸ் 7 ஏற்ற உட்கார்ந்தேன். இன்ஸ்டால் செய்யும் நீலத் திரை வந்தது. மவுஸ் அம்பு மட்டும் நட்டநடுவில் நின்றது, நகரவே இல்லை.

கழற்றி வேறு போர்ட்டில் செருகினேன். ம்ஹூம்.

விண்டோஸ் 7 மேல் தப்பில்லை. 2009இல் வந்த சிஸ்டம். புது லேப்டாப்பின் யூஎஸ்பி 3 போர்ட்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதில் கிடையாது. தேடிப்பிடித்து பென்டிரைவில் சேர்த்தால், அடுத்து லேப்டாப்பின் டிஸ்க்கான என்விஎம்இ எஸ்எஸ்டியே கண்ணில் படவில்லை என்கிறது!

இவ்வளவும் ஒரு பழைய ஸ்கேனருக்காக. இன்றும் பளிச்சென்று ஸ்கேன் செய்யும். புது சிஸ்டத்துக்குத்தான் அதனோடு பேசத் தெரியாது. கெட்டுப்போகாத பொருளைக்கூட இப்படித்தான் கிழடாக்குகிறோம்.

2020 ஜனவரியோடு இலவசப் பாதுகாப்பு அப்டேட்டும் நின்றாயிற்று. அதனால் இதை நெட்டில் இணைக்கப்போவதில்லை.

இப்போது மணி இரண்டு. அம்பு நகர்கிறது. டிஸ்க்கைத்தான் இன்னும் காணோம்.