புல் காய்ந்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் இழுத்துப் பாருங்கள்

பண்டாரவளையில் ஒரு நண்பர், வீட்டு முன்னால் புல் திட்டுத்திட்டாகக் காய்கிறது என்று தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். "கையால பிடிச்சு இழுத்துப் பாருங்கண்ணே" என்றேன். பாய் சுருட்டுகிற மாதிரி கழன்று வந்துவிட்டது, அடியில் வேரே இல்லை. மண்ணில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள், பழுப்புத் தலை, முன்பக்கம் மூன்று சோடிக் கால், பின்பக்கம் உப்பிக் கறுத்து, வளைந்து படுத்திருந்தன. வண்டுப் புழு. இரவில் காட்டுப்பன்றி புல்லைக் கிளறிப் போட்டால் பன்றியைத்தான் திட்டுகிறோம், ஆனால் அது பெரும்பாலும் இதைத் தேடித்தான் வருகிறது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் எதிரி இல்லை. சாணக் குழியில், மக்கிய குப்பையில் இருப்பவை பல, செத்த பொருளை மட்டும் தின்பவை. ஒன்றை எடுத்துச் சமதரையில் விடுங்கள்: கால் மேலே இருக்க, முதுகால் ஊர்ந்து போனால் அது குப்பை தின்னும் சாதி, திரும்பக் குழியிலேயே போட்டுவிடலாம். இன்னொன்று, கோவா, போஞ்சி நாற்றைத் தரையோடு வெட்டிச் சாய்க்கும் சாம்பல் நிறப் புழு. அது அந்துப்பூச்சியின் புழு, அதற்கு வைத்தியமே வேறு. வண்டுப் புழு தண்டை வெட்டாது, மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும். உருளைக்கிழங்கில் அகலமாகப் பள்ளம் பறிக்கும். இளம் தேயிலைக் கன்றின் வேர்ப்பட்டையைச் சுரண்டினால் கன்று நின்றபடியே காயும்.

ஓரடிச் சதுரம் வெட்டி, நாலு அங்குல ஆழம் வரை எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று இருந்தால் விட்டுவிடுங்கள், நல்ல புல் தாங்கிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? புல் காய்ந்த பிறகு ஓடுவதில் பெரிய பயன் இல்லை, அதற்குள் புழு முற்றியிருக்கும், முற்றிய புழு எதற்கும் அசையாது. வறண்ட மாதங்கள் முடிந்து முதல் மழை விழுந்ததும், பொழுது சாயும் நேரத்தில் பழுப்பு வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வெளிச்சத்தைச் சுற்றும் பாருங்கள், பிடிக்க வேண்டிய காலம் அதுதான். ஒரு பல்ப், அதன் கீழ் சவர்க்காரம் கரைத்த தண்ணீர்ப் பேசின், இவ்வளவு போதும். முன்னிரவில் சில மணி நேரம் எரித்துவிட்டு அணைத்துவிடுங்கள், விடிய விடிய எரித்தால் பாவம் நல்ல பூச்சிகளும் சேர்ந்து சாகும்.

பாத்தியை மண் கிளறும் முள்ளால் குத்திப் புரட்டிவிட்டு ஊர்க்கோழிகளைத் திறந்துவிட்டால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும், மைனாவும் கொக்கும் கூலி கேட்காமல் வரும். பச்சைச் சாணம் மட்டும் போடாதீர்கள், வண்டு முட்டையிட அது தோதான இடம். நன்றாக மக்கியதே போடுங்கள்.

இணையத்தில் பால்நோய்ப் பொடி என்று ஒன்றைப் புகழ்வார்கள். அது ஜப்பானிய வண்டின் புழுவுக்கான பக்டீரியா, நம்முடைய வண்டுகளுக்காக அதை வாங்கிக் காசைத் தொலைக்க வேண்டாம். மெட்டாரைசியம் என்ற பூஞ்சணமும், ஹெட்டெரோராப்டிடிஸ் என்ற நுண்ணிய நூற்புழுவும் வேலை செய்யும். கிடைத்தால் ஈரமண்ணில், வெயில் இறங்கிய பிறகு ஊற்றுங்கள், வெயில் பட்டால் இரண்டுமே செத்துப்போகும். அப்புறம், பச்சைப் பூஞ்சணம் படர்ந்த புழு மண்ணில் செத்துக் கிடந்தால் எடுத்து வீசாதீர்கள், அதிலிருந்துதான் அடுத்ததற்குப் பரவும்.

புல்லுக்கு மேலே தாழ வட்டமிடும், மயிர் அடர்ந்த கறுப்புக் குளவியையும் அடிக்காதீர்கள். குளவி என்றாலே நமக்குக் கொழுந்து மலையில் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஞாபகம்தான் வரும். இது அந்தச் சாதி இல்லை, தனியாகத் திரிவது, கூட்டமாகத் துரத்தாது. மண்ணைத் தோண்டி இறங்கி, புழுவைக் கொட்டி மயக்கி அதன்மேல் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்றுதான் வளரும்.