நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்தோம்: கல்வராயன் மலையிலிருந்து ஓர் அனுபவம்

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், சேலம் மாவட்டப் பக்கம் இருக்கிறது. மரவள்ளி, சாமை, மக்காச்சோளம்தான் வெள்ளாமை. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் மரவள்ளிக் காட்டில் பாதி போய்விடும். அதனால் பரணில் காவல் இருக்கும் வீடுகளில் துப்பாக்கியும் இருந்தது. லைசென்ஸ் உள்ளது ஒன்றிரண்டு. மற்றதெல்லாம் யாருக்கும் தெரியாமல் செய்து வாங்கியது. அந்தத் துப்பாக்கிகளைப் போலீசில் ஒப்படைக்கும் வேலையை ஊர்ப் பெரியவர்களும் எங்கள் மகளிர் குழுவும் சேர்ந்து எடுத்துச் செய்தோம். பக்கத்து ஊர்களில் இருந்து "கேஸ் போட்டார்களா, எப்படிப் பேசினீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மலையில் துப்பாக்கியால் வரும் சாவு சினிமாவில் வருவது மாதிரி இருக்காது. இருட்டில் புதர் அசைந்தது, பன்றி என்று சுட்டான், பக்கத்துக் காட்டுக்காரர் விழுந்தார் என்றுதான் இருக்கும். இல்லையென்றால் வரப்புச் சண்டை, குடித்துவிட்டு அண்ணன் தம்பி தகராறு. கையில் கம்பு இருந்தால் மண்டை உடைவதோடு போகும். துப்பாக்கி இருந்தால் ஒரு உயிர் போய், இன்னொருவர் ஜெயிலுக்குப் போய், இரண்டு குடும்பமும் அழிகிறது. என் கொழுந்தனாருக்குத் துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டிக்கும்போதே வெடித்து ஒரு கண் போனது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து அன்று ராத்திரி முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பார்வை மிஞ்சியிருக்குமோ என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைத் தாங்களாகவே ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் அறிவித்தது இது முதல் தடவை இல்லை. மைக் கட்டி ஜீப்பில் சொல்லிக்கொண்டு போவார்கள், ரேஷன் கடையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். யாரும் அசைய மாட்டார்கள். இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைத் தேடி வந்து, திண்ணையில் உட்கார்ந்து பேசினார். பிறகு ஊர்க்கூட்டம் போட்டோம். கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992-ல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்த ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைக்கு 2011-ல் தான் தண்டனை வந்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது பேரும் தமிழ்நாட்டில் இருந்து கூலிக்குப் போனவர்கள். மலைக்காரர்கள் பலர் அதில் உண்டு. இதெல்லாம் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சேதி. காக்கிச்சட்டை வந்து "நம்பிக் கொடுங்கள்" என்றால் எடுத்த எடுப்பில் யார் நம்புவார்கள்?

கூட்டம் கலைந்த பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது, அதுவும் பெண்களிடம். துப்பாக்கி கூரைக்குள்ளா, காட்டுக் கொட்டாயிலா, வைக்கோல் போருக்கு அடியிலா என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அது வீட்டில் இருக்கிற வரைக்கும் தூக்கம் வராதவர்களும் அவர்கள்தான். குழுக் கூட்டத்தில் கடன் தவணை பேசி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு இதைப் பேசினோம். யார் வீட்டில் இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பதுதான் முதல் தீர்மானம். கொடுப்பதாக இருந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் பேசினோம்.

அதை ஊர்க்கவுண்டர் மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீயே கூட வந்து சொல்லு ஆயா. நான் சொன்னா கேஸுக்குப் பயந்து பேசுறேன்னு நெனைப்பாங்க" என்றார். ஸ்டேஷனுக்குப் போனோம். பேர் கேட்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, ஒப்படைக்கும் நாளுக்கு முன்னால் வீடு புகுந்து சோதனை கூடாது, செய்து கொடுத்தவன் யார் என்று விசாரிக்கக் கூடாது. நாங்கள் கேட்டது இவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் முதல் மூன்றுக்கும் சரி என்றார். நான்காவதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கொடுக்க வர்றவங்ககிட்ட கேட்க மாட்டேன். ஆனா செய்யறவனைத் தேடுறது என் வேலை, அதை விட மாட்டேன்" என்றார். அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சட்டத்தையும் அவரே விளக்கினார். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம், கூடினால் ஐந்து வருடம். அனுமதியில்லாமல் தயாரித்தால் ஏழு வருடத்தில் தொடங்கி ஆயுள் வரை. வைத்திருந்ததற்காக வழக்கு நடத்த வேண்டுமென்றால் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். "நடவடிக்கை இல்லை" என்பது மாவட்டப் போலீஸ் கொடுக்கிற வாக்கு. அப்படிச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். அந்த வாக்கு எத்தனை நாளைக்கு, எந்த ஸ்டேஷன் எல்லைக்கு, யார் கொடுத்தது என்பதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வையுங்கள். எங்கள் ஊரில் டி.எஸ்.பி. நேரில் வந்து சொன்னார். அப்புறம்தான் ஆண்கள் வாய் திறந்தார்கள்.

அடுத்த சிக்கலை யாரும் யோசிக்கவே இல்லை. வீட்டில் இருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தால், வழியில் வனத்துறை ரோந்து பிடித்தால்? போலீஸ் கொடுத்த வாக்கு அவர்களுக்குத் தெரியுமா? அதனால் வனச்சரகரையும் உட்கார வைத்துப் பேசினோம். ஸ்டேஷனுக்கு யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், விடிவதற்குள் மாரியம்மன் கோயில் திட்டில் வைத்துவிட்டுப் போகட்டும், விடிந்ததும் போலீஸ் வந்து எடுத்துக்கொள்ளும் என்று முடிவானது. அதுவரை பிள்ளைகள் யாரும் கிட்டே போகாமல் ஊர்க்கவுண்டரும் இன்னும் சில பெரியவர்களும் அங்கேயே காவல்.

காலையில் போய்ப் பார்த்தால் சாக்கிலும் பழைய சேலையிலும் சுற்றி வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் குழல் தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. கட்டையோடு சேர்த்துச் செம்புக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். கட்டையில் கன்னம் வைக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆயுதப்படையில் இருந்து வந்திருந்தவர் ஒவ்வொன்றையும் குழல் வாய் யார் பக்கமும் திரும்பாமல் எடுத்து, உள்ளே கம்பி விட்டு ஆழம் பார்த்தார். ஒன்றில் கம்பி பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே மருந்தும் பால்ரஸ் குண்டும் கெட்டித்தபடியே இருந்தது. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் குழலில் தண்ணீர் ஊற்றி நனைய வைத்தார். அதை எடுத்து வந்தவர் எந்த வீட்டில் இருந்து, எத்தனை பேர் தூங்கும் இடத்தைத் தாண்டி எடுத்து வந்தாரோ. ஒப்படைக்க நினைப்பவர்கள் மருந்து இருக்கிறதா என்று நீங்களே தோண்டிப் பார்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் இடத்தைச் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுப்பார்கள்.

வி.ஏ.ஓ. முன்னிலையில் மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு, எழுதினார்கள். கேட்பாரற்றுக் கிடந்தவை என்றே எழுதினார்கள். பேர் எதுவும் இல்லை. நான் முழுதும் வாசித்துப் பார்த்த பிறகுதான் ஊர்க்கவுண்டர் மாமா கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் துப்பாக்கிக்கு வழி வேறு. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. அவர் வீட்டுக்காரர் பயிர்ப் பாதுகாப்புக்கு முறையாக எஸ்.பி.எம்.எல். (குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி) லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தவர். அவர் இறந்து லைசென்ஸும் முடிந்து, துப்பாக்கி பரண் மேல் கிடந்தது. பெரியம்மாவுக்கு அது குற்றம் ஆகும் என்பதே தெரியாது. லைசென்ஸ்காரர் இறந்தால் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ டெபாசிட் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாரிசு விரும்பினால் தன் பேருக்கு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகளைப் பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். லைசென்ஸ் நம்பரை அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். பெரியம்மா தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

இனி பன்றிக்கு என்ன வழி? இதை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் வாங்கிப் போனால் ஜனங்கள் அவுட்டுக்காய் என்கிற, தீனிக்குள் வைக்கும் வெடிக்கோ கரண்ட் வேலிக்கோ போவார்கள். அது இன்னும் கொடுமை. 2023-ல் மாரண்டஹள்ளிப் பக்கம் கள்ளக் கரண்ட் வேலியில் மூன்று யானைகள் செத்ததை எல்லாரும் பார்த்தோம். மனிதர்களும் இப்படிச் சாகிறார்கள். 2025 ஜனவரியில் அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கும் வெளியே என்றால் வனத்துறையே சுடலாம். எங்கள் வெள்ளாமைக் காடுகள் எல்லாம் காப்புக்காட்டை ஒட்டியே இருக்கின்றன. மூன்று கிலோமீட்டருக்கு எங்கே போவோம்? ஆக எங்களுக்கு மிச்சம் வேலியும் பயிர் இழப்பீடும்தான். இழப்பீட்டு மனுவை வாங்கி, வனக்காப்பாளர் வந்து பார்த்து, பணம் வருவதற்குள் அடுத்த வெள்ளாமையே வந்துவிடுகிறது.

இதைத் துப்பாக்கி ஒப்படைப்பதைப் பற்றிப் பேசிய அதே கூட்டத்தில், போலீஸ் இருக்கும்போதே வனச்சரகரிடம் கேட்டோம். சேதமான வெள்ளாமைக் காட்டை உடனே ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்று ஒத்துக்கொண்டார். சில மனுக்களுக்குப் பணம் வந்திருக்கிறது, சிலதுக்கு இன்னும் இல்லை. வராதவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் பட்டியல் எழுதி ஸ்டேஷன் எஸ்.ஐ. அம்மாவிடமும் ஒரு காப்பி கொடுத்து வைத்திருக்கிறேன். அது போலீஸ் வேலை இல்லைதான். ஆனாலும் அவர் சரக அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்கிறார்.

எல்லாத் துப்பாக்கியும் வந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கொடுத்தவர்கள் மேல் இதுவரை ஒரு கேஸும் இல்லை என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போவார் என்று பேச்சு அடிபடுகிறது. புதிதாக வருபவரிடம் அதே வாக்கை மறுபடியும் ஊர்க்கூட்டத்தில் சொல்லச் சொல்லி டி.எஸ்.பி.க்கு மனு எழுதி, குழுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.