ஒரு ஊசியும் 500 பொக்லைனும்

போன வியாழக்கிழமை ஒரு ஊசியால், ஊருக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலை விட்டேன். இதய ஆபரேஷன் முடிந்து நெஞ்சை மூடப் போகிற நேரத்தில் சிஸ்டர், "கவுண்ட் இடிக்குது சார், ஒரு நீடில் குறையுது" என்றார். அவ்வளவுதான், எல்லாம் அப்படியே நின்றது. கண்ணிமை முடியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அதைத் துணிக்கு அடியில், குப்பைக் கூடையில், செருப்புக்குக் கீழே என்று தேடி, காந்த உருளையால் தரையையும் துழாவி, கடைசியில் ரத்தம் ஒற்றியெடுத்த ஒரு துணியின் மடிப்பில் கிடைத்தது. பெங்களூரில் பேர் பெற்ற சர்ஜன்தான், ஆனால் அதுவரை அவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு ஹார்ட் லங் மெஷின் ஓட்டுகிற வேலை, ஆபரேஷன் நடக்கும்போது இதயம், நுரையீரல் வேலையை அதுதான் பார்க்கும், நெஞ்சை மூடும்வரை மெஷினை விட்டு நகரக் கூடாது.

ரயில் போனபிறகு கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம், நானும் கானாவிலிருந்து எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பியும். வந்த ஒரு மாதத்தில் 'அண்ணா' பழகிவிட்டான். அவன் ஊரில் இதய சர்ஜரி என்றாலே ஒரு பெயர்தானாம்: குவாபெனா ஃப்ரிம்போங் போவாட்டெங். ஜெர்மனியில் ஹானோவரில் இதயமாற்று சிகிச்சை வரை செய்தவர், அதை விட்டுவிட்டு ஊர் திரும்பி, தலைநகர் அக்ராவின் கோர்லே பூ மருத்துவமனையில் 1989ல் இதய மையத்தைத் தொடங்கினார். ஒரு மெஷினுக்கு டியூப் செட் வரத் தாமதமானாலே நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும், ஒன்றுமே இல்லாத இடத்தில் முழு மையத்தையும் எழுப்புவது என்றால் யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அரசியல். 2007ல் என்பிபி (நியூ பேட்ரியாட்டிக் பார்ட்டி) கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்டார், மொத்தம் 17 பேர், இவருக்குக் கிடைத்தது சொற்ப ஓட்டு. அன்று ஜெயித்த அகுஃபோ அட்டோ பிறகு அதிபரானதும், 2017ல் இவரைச் சுற்றுச்சூழல், அறிவியல் அமைச்சராக்கினார். கூடவே சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களை ஒடுக்கும் அமைச்சர்கள் குழுவுக்கும் தலைவர்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர், நான் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் பையன். 2001ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், பொன்னெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேடு மட்டும் இன்னும் இருக்கிறது, காற்றடித்தால் துணி காயப்போட முடியாது. கானாவில் இந்தக் கள்ளச் சுரங்க வேலைக்கு 'கலாம்சே' என்று பேர். ஆற்றங்கரையை பொக்லைன் வைத்துத் தோண்டி, பாதரசம் கலந்து பொன்னெடுக்கிறார்கள், பிரா ஆறு பால் அதிகமான டீ மாதிரி ஓடுகிறது என்று போனில் படம் காட்டினான்.

அந்த பொக்லைன்களை அரசு பறிமுதல் செய்தது. அவற்றில் பெரும்பாலானவற்றைக் காணவில்லை என்று 2020ல் அமைச்சரே சொன்னார், சுமார் 500 என்று செய்திகள் வந்தன. ஒவ்வொன்றும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டிய சாமான்! ஊர் சிரித்தது, அவரைத்தான் திட்டினார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. காணோம் என்று வாய்விட்டுச் சொன்னதே அந்த ஆபரேஷன் தியேட்டர் பழக்கம்தான் என்று தோன்றுகிறது, மூடி மறைத்துத் தையல் போட வராது. தன் கட்சியின் பொறுப்பாளர் ஒருவரையே விசாரிக்கச் சொல்லி போலீசுக்குக் கடிதம் எழுதினார். 2021ல் பதவி போனது. கட்சிக்காரர்களே கலாம்சேயில் இருக்கிறார்கள் என்று அவர் கொடுத்த அறிக்கை 2023ல் வெளியே கசிந்தது, அவர்கள் மறுத்தார்கள். ஆனால் அமைச்சர் நாற்காலியில் இருந்தபோதே கதவைத் திறந்து ஊருக்குச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். தம்பி பதில் சொல்லவில்லை, டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சயனைடு மேட்டைப் பார்க்க வருகிறானாம். சரி வா, ஆனால் காலையிலேயே வந்துவிடு, மத்தியானம் காற்று கிளம்பிவிடும் என்றேன்.